பக்கம் மாறிய முடிச்சு

நேற்றுக் காலை எட்டு மீட்டர் காடாத்துணியை வாளித் தண்ணீரில் முக்கினேன். கஞ்சி கரைந்து அந்தப் புளித்த வாசனை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முத்தியால்பேட்டையில் உன் வீட்டுப் பின்கட்டில் நாடகம் நெருங்கும்போதெல்லாம் வாரக்கணக்கில் அடித்த வாசனை அது. லாஸ்பேட்டையில் என் குளியலறைக்குள் அது எப்படி வந்தது என்று ஒரு கணம் விழித்தேன். துணியை முக்கியது நான்தான் என்பதே மறந்துபோயிருந்தது. அறுபத்தோரு வயதில் இதெல்லாம் சகஜம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கேட்பதற்கு இன்னொரு ஆள் இல்லாத வீட்டில் யாருக்குச் சொல்வது?

துணியை முக்கி எடுக்காமல் வெட்டக் கூடாது என்பது உன் சட்டம். "கடையில இருக்குற துணி பொய் சொல்லும் டீச்சர். தண்ணியில போட்டாதான் அது எத்தன மொழம்னு தெரியும்" என்பாய். நான் சிரிப்பேன். எனக்கு எதையும் தாளில் வரைந்தால்தான் தெரியும், உனக்குத் துணியில் கை வைத்தால்தான் தெரியும். அந்த வித்தியாசத்தில்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக வேலை பார்த்தோம்.

மறுபடியும் துணியில் கை வைக்கக் காரணம் இருக்கிறது. நம் நாடகக் குழு அந்த துபாஷ் நாடகத்தை மீண்டும் மேடையேற்றப் போகிறது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. பெட்டியில் இருந்த பழைய உடைகளில் பாதி அப்படியே நிற்கிறது, மீதியைப் புதிதாகச் செய்ய வேண்டும். புது இயக்குநர் என்னிடம் படித்த பெண்தான். "நீங்க இல்லாம யாரு டீச்சர்?" என்று கேட்டபோது மறுக்கத் தெரியவில்லை. தனியாகத் துணி அளப்பதில் உள்ள கஷ்டம் அப்புறம்தான் தெரிந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடையாது. இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு நடந்து போய் அளக்கிறேன். பாதி வழியில் டேப் நழுவி வந்துவிடும். திரும்பப் போய் வைப்பேன். நீ பார்த்தால் வாயில் குண்டூசியோடு சிரித்திருப்பாய்.

நம் பழக்கம் என் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் தொடங்கியது. நான் டிராயிங் டீச்சர், நீ பிள்ளைகளுக்கு வேஷத்துணி தைக்க வந்தவள். பட்டாம்பூச்சி வேஷத்துக்கு நான் வரைந்து கொடுத்த இறக்கையைப் பார்த்துவிட்டு, "இத மாட்டிக்கினு புள்ள வாசப்படிய எப்படித் தாண்டும்?" என்று கேட்டாய். நான் விறைப்பாக ஏதோ சொன்னேன். விழா அன்று ஏழு பட்டாம்பூச்சிகள் மேடைக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் நண்டு போல் போனதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருஷம் வரைவதற்கு முன்பே உன்னைக் கேட்டேன். அதற்கடுத்த வருஷம் நாடகக் குழுவில் சேர்ந்தபோது உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன்.

நீ என்னைவிட இரண்டு வயது பெரியவள். முதலில் நீங்க, வாங்க என்று பேசினாய். இரண்டாவது நாடகத்தின்போது எப்போதோ அது நீ, வா ஆகிவிட்டது. 'டீச்சர்' என்ற சொல் மட்டும் போகவில்லை. "டீச்சர், நீ இன்னும் சாப்பிடலையா?" என்று ஊரில் வேறு யாரும் என்னிடம் பேசியதில்லை. என் அம்மா போனபின் என்னை ஒருமையில் அழைத்த ஒரே ஆள் நீ. அது எனக்கு எவ்வளவு பிடித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. நான் சொல்லாமல் விட்டவற்றில் அது சின்னது.

நீ வேலை பார்க்கும் முறை நடிகர்களுக்குப் பெரிய வேடிக்கை. நல்ல துணியில் கத்திரி வைக்குமுன் காடாத்துணியில் ஒரு ஒத்திகைச் சட்டை தைத்து மாட்டிவிடுவாய். "நில்லு. கும்புடு. தரையில உக்காரு. ரெண்டு கையும் தூக்கு" என்று வரிசையாக உத்தரவு போடுவாய். கல்லூரிப் பேராசிரியர்கள்கூட உன் முன்னால் உட்கார்ந்து எழுந்தார்கள். கடைசியில் இயக்குநரிடம் திரும்பி, "இவரு மேடையில சாவாரா சார்?" என்று கேட்பாய். சாகிற பாத்திரமென்றால் முதுகில் இரண்டு விரல் அகலம் துணி கூடுதலாக விடுவாய். விழும்போது சட்டை கிழிந்தால் சாவைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிடுவார்கள் என்பது உன் கவலை. மேடையில் செத்தவர்களில் ஒருவருக்கும் சட்டை கிழிந்ததில்லை.

துபாஷ் நாடகம் நமக்கு நான்காவது. பிரெஞ்சுக்காரர் கோட்டை இங்கே இருந்த காலத்துக் கதை. துரைமாருக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் மொழிபெயர்த்துப் பேசிய துபாஷ் ஒருவர், அவருடைய நெடுநாள் சிநேகிதரான முஸ்லிம் துணி வியாபாரி ஒருவர். இருவருக்கும் இடையில் ஊர் நிலவரம் புகுந்து பிரிக்கிறது. பதினான்கு பாத்திரங்கள். கவர்னர் மனைவியின் பாவாடைக்குள் வைக்கும் கூண்டுக்குப் பிரம்பு தேடி அலைந்தோம். சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுக்கு ஏதோ பங்களாவில் கழித்துப்போட்ட திரைச்சீலை கிடைத்தது. படகுக்காரர்களாக வருகிறவர்களின் துணி புத்தம்புதிதாகப் பளபளத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதைச் சுருட்டிக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போய், தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் கொடுத்து, பதினைந்து நாள் படகில் கட்டிக் காயவைக்கச் சொன்னாய். உப்பும் வெயிலும் மீன் கவிச்சியுமாக அது திரும்பி வந்தபோது நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். நடிகர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

துபாஷுக்கும் அந்த வியாபாரிக்கும் உடை ஏறக்குறைய ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை நீள அங்கி, மார்பின் குறுக்கே மடித்துக் கொண்டுபோய் ஒரு பக்கமாக நாடாவில் முடிச்சுப் போடுவது. அந்தக் காலத்தில் இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யார் என்று சொல்ல அந்த முடிச்சு ஒன்றுதான் அடையாளம். இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது.

நூலகத்தில் ஒரு பெரிய படப்புத்தகம் இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு உருவமாக எடுத்தேன். வீட்டில் அதை வரைதாளுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. டிரேசிங் தாளின் பின்பக்கமும் அதே கோடுகளைப் பென்சிலால் ஒருமுறை ஓட்டிவிட்டு, நேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். பின்பக்கம் ஓட்டச் சோம்பல்பட்டு அப்படியே கவிழ்த்துத் தேய்த்தால் படம் இடவலம் மாறி விழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் தொண்டை வறளச் சொன்ன பாடம் இது. பதினான்கு உருவங்களை எடுத்த அலுப்பில் நானே கவிழ்த்துத் தேய்த்தேன். தேய்த்தது ஞாபகம்கூட இல்லை.

வரைபடங்களை உன் மிஷின் மேல் பரப்பியதும் நீ அந்த இரண்டு அங்கிகளையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"டீச்சர், எங்க ஆளுக்கு, அந்த சாயபுக்கு, முடிச்ச இடப்பக்கம் போட்டிருக்கியே. எங்க மாமனார் பெட்டியில ஒரு பழைய அங்கி கெடக்குது. அது வலப்பக்கம் முடியிறது. சோத்துக் கை பக்கம்."

"படத்துல இப்படித்தான் இருக்கு. அந்தக் காலத்துலயே வரைஞ்ச படம் அது."

"எடுத்தாந்து காட்டட்டுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. உன் மாமனார் என்ன, கோட்டையில் குடியிருந்தாரா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். நீயும் சிரித்துவிட்டு, "சரி, பொஸ்தகத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று துணியை மடித்துப் போட்டாய். டிரேசிங் தாள்கள் அப்போது என் பையிலேயே இருந்தன. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எட்டாம் வகுப்போடு நின்றவள் சொல்லி நான் சரிபார்ப்பதா என்று எனக்குள் ஒன்று இருந்தது. அதை வேறு நல்ல வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. அரங்கு நிறைந்திருந்தது. அந்த நாடகத்தின் துண்டறிக்கையில்தான் முதல்முறையாக, உடை வடிவமைப்பு என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். அதில் ஏழு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கொடுக்க ஏழு பேர் இல்லை, இருந்தாலும் வைத்துக்கொண்டேன். உன் பெயர் அதில் எங்கும் கிடையாது. அப்போது அது என் கண்ணில் படவே இல்லை.

நாடகம் முடிந்து எல்லோரும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எந்த நாடகத்தையும் விடாமல் பார்ப்பாரே, வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக, அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாதாம், த்ரே ஜோலி. ரொம்ப அழகா இருந்துது. ஒண்ணே ஒண்ணு. அங்கிக்கு முடிச்சு பக்கம் மாறிப்போச்சு. துபாஷிக்கு இடப்பக்கம் வரணும், சாயபுக்கு வலப்பக்கம். நீங்க தலகீழாப் போட்டுட்டீங்க."

அவர் குறை சொல்ல வரவில்லை. ரசித்த மனிதர் ரசித்ததைச் சொல்லும்போது கண்ணில் பட்டதையும் சொன்னார். ஆனால் எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கவிழ்த்து வைத்த டிரேசிங் தாள் கண்முன் வந்து நின்றது. பக்கத்தில் இயக்குநர் இருந்தார். இந்த நாடகத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். முகம் சிவந்து, "யார் பாத்த வேலை இது?" என்றார்.

"தையல்ல மாறிப்போச்சு சார். நான் சரியாத்தான் வரைஞ்சு குடுத்தேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் தடுமாறாமல் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் ஒப்பனை அறை வாசலில் நீ நிற்கிறாய். கையில் சிப்பாய் கோட்டு, உதட்டில் குண்டூசிகள். கேட்டுவிட்டாய் என்பது தெரிந்தது. நீ வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டில் குத்தினாய். நான்கு ஊசிகள். அந்த நேரம் முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு இயக்குநரைப் பார்த்துச் சொன்னாய்.

"ஆமா சார். என் தப்புதான். நாளைக்குள்ள மாத்திக் குடுத்துடுறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் உன் வீட்டுக்கு வந்தேன். அங்கிகளில் நாடாவையெல்லாம் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக மறுபக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ மிஷினை நிறுத்தாமல், "டீ குடிக்கிறீங்களா டீச்சர்?" என்றாய்.

குடிக்கிறீங்களா. அந்த ஒரு சொல்லில் என் இடம் எது என்று தெரிந்துபோனது. தலையாட்டினேன். டீ வந்தது. குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பின் நாம் சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ பிரியவில்லை. இன்னும் எட்டு நாடகங்களுக்குத் தைத்தாய். அதே காடாத்துணி, அதே ஒத்திகை, அதே "சாவாரா சார்?". ஈகைப் பெருநாளுக்கு என் வீட்டுக்கு இனிப்பு அனுப்பினாய். எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாய். எல்லாம் நீங்க, வாங்கதான். பிறர் காதுக்கு அது மரியாதை. அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் நடனப் பள்ளி நடத்துகிற ஒரு அம்மா தன் குழுவுக்கு வருஷம் முழுவதும் உடை தைக்கிற வேலையை உன்னிடம் கொடுப்பதாகப் பேசியிருந்தார். வீட்டு முன்னறையை ஒழித்து இரண்டாவது மிஷின் போட நீ இடம் பார்த்து வைத்திருந்தாய். மேடைக்குத் தைப்பதே தொழிலாக வேண்டும் என்பது உன் ஆசை. ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்து அலுத்துவிட்டது என்பாய். நம் இயக்குநர் அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். நல்ல கை, ஆனால் பார்த்துத் தைக்காது என்கிற மாதிரி. அந்த அம்மா அப்புறம் வரவே இல்லை. நீ இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் சேர்ந்து நான்கு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தாய். நாள் முழுக்கக் காலர். "சட்டை எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல டீச்சர். அது வேற லைன்ல போவுது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அப்போதாவது இயக்குநரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நடனப் பள்ளி அம்மாவின் வீடு எனக்குத் தெரியும், நடந்தே போகிற தூரம். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. முதல் வாரம் பயம். அடுத்த மாதம் வெட்கம். அதற்கப்புறம், இத்தனை நாள் கழித்துப் போய்ச் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற தயக்கம். எனக்கு என்று இருந்தது அந்தத் துண்டறிக்கையில் வந்த ஒரு வரிதான். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லாதவள், பள்ளிக்கூடத்தில் பத்தோடு பதினொன்று. அந்த ஒரு வரியைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாடகத்திலும் அந்த வரி வந்தது. ஒன்றையும் நான் ஆசையாகப் படித்ததில்லை.

சிறுநீரகம் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான்கு தடவை வந்தேன். நான்கு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். ஒரு தடவை உன் வீட்டுக்காரர் இருந்தார். ஒரு தடவை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை நர்ஸ். நான்காவது தடவை யாரும் இல்லை, நீ விழித்திருந்தாய், என் புடவைத் தலைப்பில் பிரிந்திருந்த ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்து, "இத ஒரு தையல் போட்டுக்குங்க, இல்லன்னா ஓடிடும்" என்றாய். நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். ஆறு நாளில் போய்விட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் திரும்பும்வரை உன் வாசலில் பெண்களோடு நின்றிருந்தேன். அழக்கூடப் பயமாக இருந்தது, எதற்காக அழுகிறேன் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று.

உன் வீட்டில் கழித்த ஞாயிற்றுக்கிழமைகள் போனபின் என் வாரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. செய்தித்தாளை இரண்டு தடவை படிக்கிறேன். காய்கறிக்காரரிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுக்கிறேன். தனியாக இருந்து பழகியவள்தான் நான். ஆனால் இது வேறு தனிமை. எனக்குத் தெரிந்த ஒன்று இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்பதும், தெரிந்த இன்னொருத்தி போய்விட்டாள் என்பதும் சேர்ந்த தனிமை.

போன வாரம் பழைய அங்கிகளைப் புது நடிகர்களுக்குப் போட்டுப் பார்த்தோம். இந்த துபாஷுக்கு வயிறு கொஞ்சம் பெரிது. நீ உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்ததால் பிரித்துவிட முடிந்தது. நான் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புது இயக்குநர் நடிகர்களுக்கு அந்த அங்கியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், அந்தப் பெரியவர், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. குழுவில் வழிவழியாகச் சொல்லி வருகிற தமாஷாம். "டைலரம்மா பாக்காம மாத்தித் தெச்சிட்டாங்களாம். துபாஷி சாயபு ஆயிட்டாரு, சாயபு துபாஷி ஆயிட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் அவர்கள்.

கத்திரியைக் கீழே வைத்தேன்.

"டைலர் மாத்தல. நான் மாத்தினேன். அந்தம்மா சொல்லியும் நான் கேக்கல. பெறகு பழிய அவங்க மேல போட்டேன்."

பதினெட்டு வருஷம் தொண்டையில் இருந்ததை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, "அட, எப்பவோ நடந்தது டீச்சர். யாரு பண்ணா இப்ப என்ன?" என்றாள். கனிவாகத்தான் சொன்னாள். துபாஷ், அங்கியைக் கழற்றலாமா என்று கேட்டார். டீ வந்தது, எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் பிரித்த தையலோடு உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு இது ஒன்றும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

அதனால் உன் மகளைத் தேடிப் போனேன். உன் வீட்டில்தான் இப்போது அவள் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரப்பிள்ளைகள் முன்னறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மாடிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். டிரேசிங் தாள், மாமனார் அங்கி, வராந்தா, நடனப் பள்ளி அம்மா, எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. உன்னைப் போலத்தான், கேட்டு முடிக்கும்வரை முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள்.

"அம்மா எங்ககிட்டயும் அதத்தான் சொல்லுச்சு டீச்சர்" என்றாள் கடைசியில்.

எனக்குப் புரியவில்லை. எதை என்றேன்.

"தன் தப்புன்னுதான். தான் பாக்காம தெச்சிட்டேன்னு. அத்தா ஒரு மாசம் வெச்சித் திட்டினாரு. பெரிய எடத்துல போயி பேரக் கெடுத்துக்கினியே, வந்த வேலையும் போச்சேன்னு. நான் அப்ப பத்தாவது படிக்கிறேன். நானும் கேட்டேன், ஏம்மா ஒழுங்கா பாக்கக் கூடாதான்னு. அம்மா ஒண்ணும் பேசல. கடைசி வரைக்கும் நாங்க அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தோம்."

அவள் குரல் உடைந்தது அந்த இடத்தில்தான். தான் கேட்ட அந்தக் கேள்விக்காக அழுதாள். நான் அவளைத் தொடப் போனேன், அவள் கையை நகர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்ல டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் வீட்டுக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் நான் இனி சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். இனி வர வேண்டாம் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல உன் மகளால்தான் முடியும்.

அங்கிருந்து பேருந்து ஏறாமல் நடந்தே வந்தேன். இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தது வேறு. அன்று வராந்தாவில் என் மானம் போகாமல் இருக்க நீ சட்டென்று ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தாய், வீட்டுக்குப் போய் என்னை வாயாரத் திட்டித் தீர்த்திருப்பாய், உன் வீட்டார் எல்லோருக்கும் நான் எப்படிப்பட்டவள் என்று தெரியும் என்றே நினைத்திருந்தேன். தெரிந்தும் அவர்கள் எனக்குப் பெருநாள் இனிப்பு கொடுக்கிறார்களே என்று ஒவ்வொரு வருஷமும் கூசியிருக்கிறேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் திட்டியபோதும் சொல்லவில்லை, பெற்ற பெண் கேட்டபோதும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் ஒரு நிமிஷம் சொன்னேன். நீ அதை உன் வீட்டுக்குள் பதினேழு வருஷம் சொன்னாய்.

துண்டறிக்கையில் இந்தத் தடவை உடைக்கு உன் பெயரை மட்டும் போடச் சொல்லிவிட்டேன். அதைப் பெரிய காரியமாக உன்னிடம் சொல்ல வரவில்லை. உன் பெயர் அச்சில் வந்தால் மட்டும் என்ன, அந்த முன்னறையில் இரண்டாவது மிஷின் வந்துவிடப் போகிறதா? காடாத்துணி காய்ந்துவிட்டது. நாளை வெட்டுவேன், தைப்பேன், நில்லு, கும்புடு, உக்காரு என்று அந்தப் பிள்ளைகளை ஆட்டிவைப்பேன். உன் வேலையெல்லாம் எனக்கு வந்துவிட்டது. எனக்கு வராமல் போனது ஒன்றுதான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மிஷினுக்குப் பக்கத்தில், நீ ஊசியில் நூல் கோக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்திருக்கக்கூடிய ஒரு வாக்கியம். இப்போது அதைக் குழுவில் சொல்லிவிட்டேன், உன் மகளிடம் சொல்லிவிட்டேன், கேட்டால் தெருவில் போகிறவரிடம்கூடச் சொல்வேன். எல்லோரிடமும் சொல்லியாயிற்று, உன்னைத் தவிர.